மேடு இல்லாத வழி

கண்ணாடிக்காரருக்கு முதல் சந்தேகம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. வந்த சந்தேகத்தை ஒன்பதரைக்குள் அவர் விரட்டியும் விட்டார்.

தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சின்ன மேடு. கடைக்குப் போகிற வழியில் பத்து வருடமாக அவர் ஏறி இறங்குகிற மேடுதான். பின்சீட்டில் நாலு பெட்டி லென்ஸ் இருந்தது, அதைத் தவிர வண்டியில் வேறு பாரம் கிடையாது. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினார். இன்ஜின் பெருங்குரலெடுத்துக் கத்தியது. கார் மட்டும், அந்தக் கத்தல் தனக்கில்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்பதுபோல், போன வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. காலை எடுத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி அழுத்திப் பார்த்தார். மறுபடியும் சத்தம் முன்னே போனது, வண்டி பின்னே வந்தது.

மேட்டின் உச்சியைத் தொடுவதற்குள் மூன்று காரணம் கண்டுபிடித்துவிட்டார். பெட்ரோலில் கலப்படம், நேற்றைய மழையில் ரோட்டு வழுக்கல், லென்ஸ் பெட்டிகளின் எடை. மூன்றில் எது என்று முடிவு கட்டுவதற்குள் கடை வந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிச் சாக்குச் சொல்கிறவர்களை வைத்துத்தான் அவருடைய பிழைப்பே நடந்தது. பேப்பரை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண் நன்றாகத்தான் தெரிகிறது, இப்போதெல்லாம் எழுத்தைத்தான் பொடியாக அச்சடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். வீட்டில் விளக்கு மங்கல் என்பார்கள். ராத்திரி தூக்கம் சரியில்லை என்பார்கள். அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாகச் செருகி, கடைசியில் அவர்கள் வாயாலேயே ‘ஆமாம், இப்பத்தான் தெரியுது’ என்று சொல்லவைப்பதில் அவருக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். தன் கார் விஷயத்தில் மட்டும் அவருக்கும் எழுத்து பொடியாகத்தான் இருந்தது.

ஒத்துக்கொள்ள முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் ஊரின் மேட்டுப் பக்கத்தில், மூன்று வளைவு தாண்டி, அக்கா வீட்டுப் பால்கனியில் பூந்தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. அக்காவின் கணவர், அதாவது அத்தான்.

அத்தான் லிஃப்ட் பரிசோதகர். பெரிய கட்டடங்களில் ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பிக் கயிறுகளைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. கையெழுத்துப் போடுமுன் மூன்று முறை யோசிப்பார், பேசுமுன் நாலு முறை. அப்படிப்பட்டவரைக் கிண்டல் செய்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவர் பதில் தேடி எடுப்பதற்குள் அடுத்த கிண்டலைச் சொல்லிவிடலாம்.

நாலு வருடத்துக்கு முன்னால் அத்தானின் கார் கிளட்ச் தேய்ந்துபோய், அவர் வீட்டு ஏற்றத்திலேயே நடுவழியில் நின்றுவிட்டது. யாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் நடந்தபோது பின்சீட்டில் கண்ணாடிக்காரர் இருந்தார். அது போதாதா. அன்றிலிருந்து அத்தானுக்கு ‘அரைக்கிளட்ச்’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் காட்டுவார் கண்ணாடிக்காரர். ஒரு தட்டு இன்ஜினோடு சுற்றுகிறது, இன்னொன்று சக்கரத்தோடு. ஒட்டியிருந்தால் வண்டி போகும், காலை அழுத்தினால் பிரியும். ஒட்டியும் ஒட்டாமலும் வைத்துக்கொண்டே இருந்தால் உரசி உரசித் தேயும், குடும்பம் மாதிரிதான் என்று முடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அத்தானும் சிரிப்பார். தன் வண்டியின் கிளட்ச் தன்னைவிட நீண்ட ஆயுசோடு இருக்கும் என்றும் கண்ணாடிக்காரர் ஒருமுறை வாயை விட்டிருந்தார். வாய்தானே, வாடகையா கொடுக்கிறோம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு ஏறும்போது, வண்டியை முதல் கியரிலேயே மாட்டுவண்டி வேகத்தில் ஏற்றினார். ஏன் இப்படி ஊர்கிறோம் என்று மனைவி கேட்டதற்கு, மழை பெய்து ஊர் பச்சைப்பசேலென்று இருக்கிறதே, நின்று நிதானித்துப் பார்க்கலாமே என்றார். அவரோடு இருபத்துநாலு வருடம் குடித்தனம் செய்த மனைவி, அவர் வாயிலிருந்து பச்சைப்பசேல் என்ற சொல்லை அன்றுதான் கேட்டாள். இருந்தாலும் திரும்பி வெளியே பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவர் அந்த ஏற்றத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரே வாரத்தில் ஊரின் மேடு பள்ளம் முழுக்க அவருக்கு மனப்பாடம் ஆயிற்று. தண்ணீர்த் தொட்டி வழியை விட்டுவிட்டு, ரயில் பாதையை ஒட்டி, பாலத்துக்கு அடியில் நுழைந்து, காய்கறிச் சந்தையின் பின்வாசலைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். ஏழு நிமிட வழிக்கு இருபத்திரண்டு நிமிடம். சந்தையில் அவரைத் தினமும் பார்த்த ஒரு காவலாளி, புதிதாகக் காய் வியாபாரம் தொடங்கியிருக்கிறாரோ என்று விசாரித்தான். சமதரையில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. அப்படி ஓடுகிற வண்டிக்கு ஒரு குறையும் இருக்க முடியாது என்று அவர் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். அக்கா வீட்டுக்குச் சமதரையில் போக வழியில்லை. முதல் வாரம் வலது முழங்காலில் வலி என்றார். அடுத்த வாரம் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் வருகிறார் என்றார். மூன்றாவது வாரம் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. நாலாவது வாரம் வேறொன்றும் தோன்றாமல் முழங்காலுக்கே திரும்பினார். ஆனால் இந்த முறை இடது கால் என்று சொல்லிவிட்டார்.

இதிலெல்லாம் அவரை ஆச்சரியப்படுத்தியது மனைவிதான். அவள் வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். போன வருடம் நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, தைத்த திரைகளையும் கம்பிகளையும் தானே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால், அண்ணி என்று அவள் கூப்பிடும் அக்காவின் வீட்டுக்கு முதல் ஆளாகக் கிளம்புகிறவள். அப்படிப்பட்டவள், அவர் முழங்காலைத் தடவ ஆரம்பித்ததுமே, பேசாமல் வீட்டிலேயே இருக்கலாம், அண்ணிக்குத் தானே போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்று முந்திக்கொண்டாள். பிளம்பரை அவள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். எவ்வளவு அனுசரணையான மனைவி என்று அவர் மனதுக்குள் உருகிப்போனார். அனுசரணைக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அக்கா முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லிலேயே எதிர்முனையில் இருப்பவர் பொய் சொல்லப்போகிறாரா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வலது கால் இடது காலாக மாறிய அன்று அவள் ஒன்றும் கேட்காமல் போனை வைத்தாள்.

அடுத்த ஞாயிறு காலை பத்தரைக்கு, மழை தூறிக்கொண்டிருந்தபோது, அவளே பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றாள். இரண்டு கையிலும் பை. உள்ளே வந்து, உட்காராமல், பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். தம்பி மறந்துவிட்டுப் போன குடை. தம்பி மனைவி குழம்பு கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் மூன்று, மூடியோடு. ஒரு கம்பளிச் சட்டை. ஒரு தையல் அளவு நாடா. பாதி படித்த ஒரு வார இதழ்.

“இதெல்லாம் உங்களோடது. எண்ணிப் பார்த்துக்கோங்க” என்றாள்.

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி குடையைப் பார்த்தாள்.

அதற்குமேல் அக்காவுக்குக் குரல் உடைந்தது. என்ன தப்பு செய்தோம் என்று நாலு வாரமாக இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்ததாகச் சொன்னாள். வீட்டுக்காரர் ஏதாவது மனம் நோகப் பேசிவிட்டாரா என்று கேட்டால், தான் பேசியே பத்து நாள் ஆகிறது என்கிறார். கடைசியில் யோசித்து யோசித்து, படுக்கையறைத் திரையைக் கடையில் ரெடிமேடாக வாங்கி மாட்டியதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தாள். வீட்டிலேயே தைக்கிறவள் இருக்கும்போது வெளியே வாங்கியது தப்புதான், தள்ளுபடியில் போட்டிருந்தான், புத்தி கெட்டுப்போய் வாங்கிவிட்டேன் என்றாள்.

“வெளியில வாங்கினீங்களா?” என்றாள் தம்பி மனைவி. அவளுக்கு அது அந்த நிமிடம்தான் தெரியும்.

அப்படியானால் கோபம் அதனால் இல்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் அதிகமாக அழுதாள். இருவரும் அவளை உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிச் சத்தியம் செய்தார்கள். அப்படியானால் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டபோது மட்டும் இருவருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

டீயைக் குடித்துவிட்டு அவள் கிளம்பினாள். மழை வலுத்திருந்தது. டாக்சி கூப்பிடட்டுமா என்று கண்ணாடிக்காரர் கேட்டார். கேட்டிருக்கவே கூடாது. கூடப் பிறந்தவன் வாசலில் காரை நிறுத்திவைத்துக்கொண்டு அக்காவை டாக்சியில் ஏற்றுகிறான் என்ற நினைப்பு அவள் முகத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி தெரிந்தது. அவர் சாவியை எடுத்தார். மனைவி, தானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

அக்கா முன்சீட்டில், மனைவி பின்சீட்டில். சமதரை இருக்கும்வரை பேச்சு நன்றாகவே ஓடியது. ஏற்றம் தொடங்கிய இடத்தில் கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், அதனால் வண்டியின் எடை குறையும் என்பதுபோல. முதல் வளைவை முக்கி முனகித் தாண்டினார்கள். இரண்டாவது வளைவில் இன்ஜின் கூச்சல் போட்டது, வண்டி தயங்கியது. இன்னும் அழுத்தினார். கூச்சல் அலறலாயிற்று. முடி பொசுங்குகிற மாதிரி ஒரு நாற்றம் காருக்குள் பரவியது. ஒரு கணம் வண்டி முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் நின்றது; பிறகு மெல்லப் பின்னே வர ஆரம்பித்தது. அவர் பிரேக்கை மிதித்துக் கைப்பிரேக்கை இழுத்தார்.

பின்னால் வந்த ஒரு வேன் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு கண்ணாடியில் மழை விழும் சத்தம் மட்டும்தான்.

“நான்தாங்க” என்றாள் பின்சீட்டிலிருந்து மனைவி.

அவள் விசும்பிக்கொண்டே சொல்லிமுடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஐந்து வாரத்துக்கு முன்னால், மேட்டுப் பக்கத்துப் பல் ஆஸ்பத்திரிக்குத் திரை கொண்டுபோனாளாம். இதே ஏற்றத்தில் முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டது. பின்னால் உருண்டுவிடுமோ என்ற பயத்தில், கைப்பிரேக் போடத் தோன்றாமல், கிளட்சைப் பாதி அழுத்தி ஆக்சிலேட்டரையும் பாதி அழுத்தி, பத்து நிமிடம் வண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். இதே நாற்றம் வந்தது. அதிலிருந்து வண்டி சரியாக இழுக்கவில்லை. சொல்லப் பயம். இவர் அத்தானை என்னென்ன கிண்டல் செய்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா. அதனால்தான் ஒவ்வொரு ஞாயிறும் இவர் வரவில்லை என்றதும் தப்பித்தோம் என்று இருந்தாள்.

கண்ணாடிக்காரருக்குக் கணக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி மேட்டில் வண்டி முதன்முதலில் கத்தியது ஆறு வாரத்துக்கு முன்னால். அவள் லாரிக்குப் பின்னால் நின்றது அதற்கு அடுத்த வாரம். இதைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அவர் வாயைத் திறந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே, மூன்றாவது வளைவுக்கு அப்பால், அத்தான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

“பரவாயில்ல, விடு” என்றார் அவர். “புதுசா ஓட்டுறவங்களுக்கு நடக்கிறதுதான்.”

சொன்ன பிறகு அவருக்கே தன் குரலில் ஒலித்த பெருந்தன்மை கொஞ்சம் திகைப்பாக இருந்தது. அக்கா திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இதற்காகவா இவ்வளவு நாளும் தனியாகக் கிடந்து தவித்தாய் என்றாள்.

அத்தான் குடையோடு இறங்கி வந்தார். முதலில் ஓரத்தில் கிடந்த இரண்டு பெரிய கல்லை எடுத்துப் பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். காரைச் சுற்றிவந்து மோப்பம் பிடித்தார். என்ன நடந்தது என்று அக்கா சொன்னாள். கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்து காத்திருந்தார். நாலு வருட வட்டியும் முதலும் இப்போது வரும். ஆனால் அத்தான் பின்கதவைத் திறந்து, மைத்துனன் மனைவிக்குக் குடையை நீட்டி, “எனக்கும் இதே வளைவுதாம்மா” என்று மட்டும் சொன்னார். பிறகு வண்டியை இழுத்துப்போக ஆள் அனுப்பச் சொல்லி மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

திட்டியிருந்தால்கூட அன்று மதியச் சோறு இறங்கியிருக்கும்.

மெக்கானிக்கின் பட்டறை சந்தைக்குப் பின்னால் இருந்தது. அதிகம் பேசாத மனிதர். ஆறு மாதத்துக்கு முன்னால் கண்ணாடிக்காரரிடம்தான் படிக்கிற கண்ணாடி வாங்கியிருந்தார். வண்டியைப் பட்டறைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரைப் போட்டுக் கிளட்சை விடும்படி கண்ணாடிக்காரரிடம் சொன்னார். விட்டார். இன்ஜின் நிம்மதியாக ஓடிக்கொண்டே இருந்தது.

“கிளட்ச் நல்லா இருந்தா இன்ஜின் நின்னிருக்கணும் சார்” என்றார் மெக்கானிக். அவ்வளவுதான் பரிசோதனை.

கழற்றிப் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் கண்ணாடிக்காரர் போனபோது கழற்றிய சாமான்கள் ஒரு பழைய துணிமேல் கிடந்தன. கிளட்ச் தட்டின் இரண்டு பக்கமும் வழுவழுவென்று தேய்ந்து, ஆணித்தலைகள் வெளியே வந்திருந்தன. மெக்கானிக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு இரும்பு வளையம் ஒன்றில் நீலம் பாய்ந்திருந்த ஓர் இடத்தைக் காட்டினார். இது ஒருநாள் சூடேறினது, வீட்டம்மா சொன்னார்களே, அது. ஆனால் இதனால் தட்டு தேயவில்லை. பிறகு, பெடலை அழுத்தினால் போய்த் தட்டைப் பிரிக்கிற பேரிங்கை எடுத்துக் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னார். மணல் அரைக்கிற மாதிரி கரகரத்தது. அது வந்து மோதுகிற இரும்பு விரல்களின் நுனி பள்ளம் விழுந்து போயிருந்தது. பத்து நிமிடத்தில் இப்படி ஆகாது, வருடக்கணக்கில் ஆகிற வேலை, யாரோ ஓயாமல் லேசாக அழுத்திக்கொண்டே ஓட்டியிருக்கிறார்கள் என்றார் மெக்கானிக். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருத்தி ஓட்டக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. ஆனாலும் கண்ணாடிக்காரர், வண்டியை முதலில் விற்றவன் மேல் ஒரு சந்தேகத்தைப் போட்டுப் பார்த்தார். அப்போது புது வண்டிதானே என்று மெக்கானிக் நினைவுபடுத்தினார்.

மறுநாள் புதுத் தட்டு போட்டு வண்டி தயாரானது. ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். கண்ணாடிக்காரர் ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில். தண்ணீர்த் தொட்டி மேட்டில் வண்டி குதிரையாக ஏறியது. கண்ணாடிக்காரர் உற்சாகமாகி, தன் ஓட்டும் முறையைப் பற்றி, எப்போதும் மெதுவாக, எப்போதும் பதமாக என்று விவரித்துக்கொண்டே போனார். மெக்கானிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இடது காலை எடுங்க.”

“எங்கேயிருந்து?”

“கிளட்ச் மேலேர்ந்து.”

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். வளர்த்த பூனை மடியில் படுத்திருப்பதுபோல் அவருடைய இடது பாதம் கிளட்ச் பெடலின்மேல் சுகமாகப் படுத்திருந்தது. எப்போது அங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது. எடுத்து ஓரமாகத் தரையில் வைத்தார். அடுத்த விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது மெக்கானிக் மறுபடி தொண்டையைக் கனைத்தார். பாதம் பழைய இடத்துக்கே போயிருந்தது. பட்டறைக்குத் திரும்புவதற்குள் பதினோரு முறை கனைத்தார்.

“உங்க கண்ணாடி ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றார் இறங்கும்போது. “எல்லாம் துல்லியமா தெரியுது.”

அன்று மாலை கண்ணாடிக்காரர் சாவியைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார். வண்டி புதுசு மாதிரி ஆகிவிட்டது, நாளைக்கு எங்கேயோ திரை கொடுக்கவேண்டும் என்றாளே, எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். அவள் சாவியை வாங்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தைத்த திரைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், இனிமேல் வாடகை வண்டியிலேயே அனுப்பிக்கொள்கிறேன், ஒரு தடவை கெடுத்தது போதும், தனக்கு அந்தக் கை வராது என்றாள். சொன்ன விதத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. முடித்துவைத்த குரல்.

கார் கற்றுக்கொண்ட புதிதில் அவள் தெருவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, உட்காராமல், நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்பதும். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சட்டைப் பையில் சாவியைப் போட்டுக்கொண்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார். வெட்கம் ஒரு பக்கம் என்றால், ஒரு தரம் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்குவது எப்படி என்று அவருக்கு வழி தெரியவில்லை.

வெள்ளியும் சனியும் அவள் வாடகை வண்டியில் போய்வந்தாள். கம்பிகளை ஏற்றும்போது வண்டிக்காரன் ஒரு திரையைச் சேற்றில் போட்டுவிட்டான். அவள் அதைத் துவைத்துக் காயப்போட்டாள். சனிக்கிழமை கடையில் ஒரு முதியவர் வந்து, தன் கண்ணில் ஒரு குறையும் இல்லை, மருமகள்தான் பிடித்துத் தள்ளி அனுப்பிவிட்டாள் என்று ஆரம்பித்தபோது, கண்ணாடிக்காரர் வழக்கம்போல் வாதாடாமல் அவருக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு, தனக்கும் ஒன்றை இழுத்துப்போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே ஓட்டி அக்கா வீட்டுக்குப் போனார்கள். கியர் மாற்றாத நேரமெல்லாம் இடது காலை உட்காரும் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்திருந்ததில் தொடை மரத்துப்போயிற்று. அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். படுக்கையறையில் கடைத்திரையைக் கழற்றிவிட்டிருந்தாள். அளவெடுக்கச் சொல்லி நாடாவையும் தயாராக வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் பேச்சு மழை, பூந்தொட்டி, பல் ஆஸ்பத்திரி என்று போய், அந்தப் பல் ஆஸ்பத்திரியிலிருந்து கிளட்சுக்கு வந்து சேர்ந்தது. எவ்வளவு நாள் உழைத்தது என்று அத்தான் கேட்டார். மனைவி, எல்லாம் தன்னால்தான், இல்லாவிட்டால் இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும் என்றாள்.

கண்ணாடிக்காரர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

“அது நீ இல்ல” என்றார். “நான்.”

பிறகு ஆரம்பித்த இடத்திலிருந்து சொன்னார். தண்ணீர்த் தொட்டி மேடு, செவ்வாய்க்கிழமை, ஒன்பதே கால். காய்கறிச் சந்தை. வலது முழங்கால், இடது முழங்கால். மணல் அரைத்த பேரிங். மெக்கானிக் பதினோரு தரம் கனைத்தது. எங்கேயும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. இரண்டாவது வளைவில் உண்மை தெரிந்தே ‘பரவாயில்ல’ என்று சொன்னதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

 அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“கிளட்சு போனா போகட்டும்” என்றாள் மனைவி மெல்ல. “அன்னிக்கு என்னை மன்னிச்சீங்களே. அதுக்கு நான் ராத்திரியெல்லாம் உங்களை நல்ல மனுஷன்னு நெனச்சேன்.”

 தப்புதான் என்றார். அவள் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். வந்து, உட்காராமல், அவர் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தார்.

அத்தான் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்; எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்திருந்தார்.

“நாலு வருஷமா உனக்கு ஒரு பதில் யோசிச்சு வச்சிருந்தேன் மாப்ளே. பிரமாதமான பதில்” என்றார் அத்தான். “இப்ப பார்த்து மறந்துபோச்சு.”

அக்காவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க ஆரம்பித்ததும் அத்தானும் சிரித்தார். கண்ணாடிக்காரர் சிரிக்கலாமா வேண்டாமா என்று மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு கரண்டிச் சோற்றை எடுத்து அவர் தட்டில் போட்டாள், கொஞ்சம் பலமாகவே.

படுக்கையறை ஜன்னலுக்கு அளவெடுத்து முடித்து, நாலு மணிக்குக் கிளம்பினார்கள். அவள் ஓட்டுநர் சீட்டில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பினாள். முதல் தடவை வண்டி குலுங்கி அணைந்தது. அவர் தெருவைப் பார்த்தார். இரண்டாம் தடவை கிளம்பியது. கீழே மூன்றாவது வளைவில், எதிரே ஏறிவந்த பஸ்ஸுக்கு வழி விட எல்லா வண்டிகளும் நின்றிருந்தன. அவளும் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தாள். பின்னால் ஒருவன் ஹாரனை விடாமல் அடித்தான். அவள் ஜன்னல் வழியே கையை நீட்டி, அவசரமென்றால் முன்னால் போ என்று நிதானமாகச் சைகை காட்டினாள்.

ஒரு யோசனை சொல்ல அவர் வாயைத் திறந்தார். அவள் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தாள். நாளைக்கு யார் யாருக்குத் திரை கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். நீண்ட பட்டியல், பள்ளிக்கூடம், ஒரு வக்கீல் வீடு, மேட்டுத் தெருவில் இரண்டு இடம். அது முடிவதற்குள் வீடு வந்துவிட்டது.